செம்பேன் வந்த சித்திரை

தேவகோட்டைச் சாலையில் பயிருக்கு உதவும் பேன்களை வளர்க்கும் பண்ணை ஒன்றில் சந்திரலேகாவுக்கு வேலை. தலைப்பேன் அல்ல இவை; கண்ணுக்கு லேசில் தட்டுப்படாத இந்த நல்ல பேன்கள், செடியின் சாற்றை உறிஞ்சும் செம்பேன்களைத் தின்று வாழ்பவை. அவற்றின் தீனிக்காகச் செம்பேனையும் வளர்த்தாக வேண்டும். பீன்ஸ் செடிகளில் செம்பேனை ஏற்றிப் பெருக்குவது சந்திரலேகாவின் பொறுப்பு. சேலையில், தலைமுடியில் ஒட்டிக்கொண்டு அது எங்கும் போய்விடும். அதனால் அந்த அறையில் வேலை செய்கிறவர்கள் அப்படியே பயிருக்குள் இறங்கக் கூடாது.

அவள் கணவன் பூமிநாதன் நேமத்தான்பட்டிக்குப் பக்கத்தில் கத்தரி போட்டிருந்தான். முன்பெல்லாம் இருவரும் சேர்ந்துதான் காய் பறிப்பார்கள். வீட்டில் அவன் வாயே திறக்க மாட்டான். செடிகளுக்கு நடுவே நின்றால்தான் பேச்சு வரும். இப்போது வேலை விட்டு பஸ் இறங்கி வருகிறவள் வரப்போடு நின்றுவிடுவாள். வீட்டுக்குப் போய்க் குளித்து வருவதற்குள் இருட்டிவிடும். பேனுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அதனால் அவளுக்கும் லீவு கிடையாது. அவன் உள்ளே நின்று ஏதோ சொல்வான். பாதி காற்றோடு போய்விடும்.

"என்ன சொன்னீக?"

"ஒண்ணுமில்ல புள்ள."

சித்திரை வெயிலில் கத்தரி இலைகள் வெளுத்தன. அவன் ஒன்றைப் பறித்து வந்து நீட்டினான். அவள் திருப்பிப் பார்த்தாள். அடியில் பொடிப்பொடியாகச் செம்பேன்.

"நாந்தான் கொண்டாந்துட்டேனா?"

"அக்கம்பக்கமெல்லாம் இப்படித்தான் கெடக்கு. நீ வேற."

மறுநாள் பண்ணைப் பொறுப்பாளர் துர்காதேவியிடம் கேட்டாள். "மேடம், எங்க தோட்டத்துலயே செம்பேன் வந்துருச்சு. இனி நான் உள்ள போலாம்ல?"

அவளுடைய முகத்தில் தெரிந்த ஆசையைப் பார்த்துத் துர்காதேவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "தாராளமாப் போங்க. நல்ல பேனையும் நீங்களே கொண்டுபோய் விடுங்க."

அன்று மாலை, நல்ல பேன் ஏறிய பீன்ஸ் இலைகளைக் கத்தரிச் செடிகளின்மேல் வைத்துக்கொண்டே வரிசை வரிசையாக நடந்தாள். அடுத்த வரிசையில் அவன். மருந்து எதுவும் அடித்துவிடக் கூடாது என்று சொல்லி வைத்தாள். பிறகு தினமும் உள்ளே போனாள். மோட்டார் மக்கர் செய்வதைச் சொன்னான். தம்பியோடு நடந்த சண்டையைச் சொன்னான். ஒருநாள் குனிந்து களை பிடுங்கியபடியே, "கல்யாணத்துக்கு முந்தி உன்னையப் பாக்கத் தேவகோட்டை பஸ் ஸ்டாண்டுல வந்து நின்னேன்" என்றான்.

"இத்தன வருசமாச் சொல்லலையே!"

"நீ கேக்கலையே."

கொழுந்துகள் பச்சையாக வந்தன. லென்சில் பார்க்கும்போது நல்ல பேன்கள் விறுவிறுவென்று ஓடின. செம்பேன் நாளுக்கு நாள் குறைந்தது. தீனி குறைய, நல்ல பேன்களும் குறைந்தன. ஒரு மாலை எத்தனை இலையைத் திருப்பியும் எதுவுமே இல்லை.

"கெட்டிக்காரப் பூச்சிதான்" என்று பூமிநாதன் சந்தோஷப்பட்டான். அவள் இன்னும் இரண்டு இலைகளைத் திருப்பிப் பார்த்தாள்.

மறுநாள் அவள் வரப்பில் நின்றாள்.

"இங்குட்டு வா புள்ள."

"வரக் கூடாதுங்க. திரும்ப ஏறிக்கிரும்."

வேறு அறைக்கு மாற்றும்படி துர்காதேவியிடம் கேட்டிருக்கிறாள். செம்பேன் அறைக்கு ஆள் கிடைத்தால் பார்க்கலாம் என்றார். இன்னும் யாரும் வரவில்லை. பூமிநாதன் இப்போது அவளுக்குக் கேட்கும்படி உரக்கவே பேசுகிறான். கத்தரி விலையை, மழை வருமா என்பதை, தண்ணீர் பாய்ச்சியதை. உரக்கச் சொல்ல முடிந்ததெல்லாம் அவ்வளவுதான்.