ஆபீஸ் என்றால் தூக்கு

விதி இதுதான்: பாரம் தூக்கும் விஞ்சு இயந்திரத்தை இயக்குபவர், தளத்தில் நிற்கும் சைகைக்காரரின் சொல்லுக்கு மட்டுமே கட்டுப்பட வேண்டும், வேறு எவரும், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும், அங்கே குரல் கொடுக்கக் கூடாது. சம்பளம் என் இடைச்செருகல். மற்றது அச்சில் இருந்தது.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள். ராயபுரத்திலிருந்து நடந்துபோய்த் துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். சரக்கை ஏற்றி இறக்க அங்கே இரண்டே சொற்கள். ‘ஆபீஸ்’ என்றால் தூக்கு. ‘ஆரியா’ என்றால் இறக்கு. எந்த நாட்டு மாலுமி விட்டுப்போனவையோ, யாரும் கேட்கவில்லை. ஊரில் மேடைக்கு மேடை ஆரியர், திராவிடர் என்று தொண்டை வறளப் பேசினார்கள். நாங்கள் ஆரியாவை நாள் முழுக்க இறக்கிக்கொண்டிருந்தோம். ஒருவரும் மாலை போடவில்லை.

புதிதாக வந்த மேற்பார்வையாளருக்கு இந்த அகராதி தெரியாது. தளத்தில் தூக்கத் தயாராய்க் கிடந்த சர்க்கரை மூட்டை வலையில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, கப்பல் மேல்தட்டில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த விஞ்சுக்காரரை விசாரிக்கத் தன் அறைக்கு அழைத்தார்.

“ஆபீஸ்! உடனே ஆபீஸ்!”

வலை எழுந்தது. அதில் கைப்பிடி மாட்டிக்கொண்ட சைக்கிளும் எழுந்தது. மேற்பார்வையாளர் பதறிப்போய், “யோவ், ஆபீஸ்! ஆபீஸ்!” என்று அலறினார். சைக்கிள் இன்னும் உயரம் போனது. சைகைக்காரர் சிரித்து முடித்து ‘ஆரியா’ சொன்ன பிறகே இறங்கியது, முன்சக்கரம் கோணலாக.

மேற்பார்வையாளர் விஞ்சுக்காரரை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவைத்தார். விசாரணையில் நான் குறிப்பெடுத்தேன்.

“நீதானே சார் ஆபீஸ்னு கூவுனே? தூக்கினேன். ஆரியான்னு கூவிருந்தா எறக்கிருப்பேன்.”

“யாரைப் பார்த்து ஆரியன் என்கிறாய்?”

“இன்னா சார் பேஜாரு! நான் உன்னியா சொன்னேன்? மூட்டைய சொன்னேன்!”

குற்றச்சாட்டு இரண்டாயிற்று. சொல்லுக்குப் பொருள் கேட்டு மேலிடத்துக்கு எழுதினேன். விஞ்சுக்காரர் தினமும் வாசலில் நின்று, “நைனா, நம்ம கேஸு ஆபீஸா, ஆரியாவா?” என்பார். வேலை போனால் எண்ணூரில் மச்சானின் மீன்வலையை இழுக்கப் போக வேண்டும். மச்சானோடு பேச்சுவார்த்தை இல்லை.

மேலிடம் யோசனை சொன்னது: குழப்பம் தீர, இனித் தளத்தில் ஆபீஸ் அறையைக் ‘காரியாலயம்’ என்று அழைத்தால், அவரைத் திரும்ப எடுக்கலாம்.

படித்துக் காட்டினேன். அவர் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

“நடுவுல ஆரியா கீதே, நைனா! இவரு கூவ, நான் எறக்க, கீழ நிக்கிறவன் தல இன்னா ஆவும்?”

மேற்பார்வையாளருக்கே வியர்த்தது. காலி செய்ய வேண்டிய கப்பல் வேறு நின்றது. விஞ்சுக்காரரைத் திரும்ப எடுத்துக்கொண்டு, அதன்பின் தளத்தில் வாயே திறக்கவில்லை. அவரை அழைக்க வேண்டுமானால் ஏணியேறிப் போய்க் காதில் சொன்னார். ஆக, விதி அமலுக்கு வந்தது.

நான் விடவில்லை. காரியாலயத்துக்கு மாற்றுச் சொல் கேட்டு எழுதினேன், நினைவூட்டினேன், மீண்டும் நினைவூட்டினேன். ‘அலுவலகம் எனலாம்’ என்று ஒருவரிப் பதில் வந்தபோது, விஞ்சுக்காரர் ஓய்வுபெற்று, கழுத்தில் மாலையோடு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். சைகைக்காரர் கீழே நின்று ‘ஆரியா, ஆரியா’ என்று கூவினார். அந்தப் பதிலில் ‘பெறப்பட்டது’ முத்திரை குத்தினேன்: ஜூன் முப்பது.