பத்து நிமிடம் பொறுத்து அழுங்கள்

எண்பதுகளின் கடைசியில் ஈப்போவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் எனக்கு முதல் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பேன், சரிப்பட்டு வராவிட்டால் வேறு ஆள் என்று சீன முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். அந்த வேலையை நம்பித்தான் தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டத்தை விட்டு ஈப்போவின் சிலிபின் பகுதியில் ஒரு வரிசை வீட்டுக்கு வந்தோம். அப்பாவுக்குத் துளியும் இஷ்டமில்லை. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகும் அங்கேயே கிடப்போம் என்றவர் அவர்.

"டவுன்ல நாம செத்துக் கெடந்தாலும் ஒருத்தன் எட்டிப் பாக்க மாட்டான்லா" என்று காலையில் தேநீரோடு ஒரு தடவை, ராத்திரி சோற்றோடு ஒரு தடவை சொல்வார். வேலை போனால் அவர் சொன்னதெல்லாம் சரி என்றாகிவிடும். வேலை போவதைவிட எனக்கு அதுதான் பெரிய பயம்.

மூன்றாவது மாதம் முதலாளி ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினார். கடையில் இருக்கும் ஆணி, திருகு, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் அது வரிசைப்படுத்திக் காட்ட வேண்டும், அதுவும் வருகிற திங்கட்கிழமைக்குள். எனக்கு டைப் அடிக்கத் தெரியும், அவ்வளவுதான். நல்ல வேளையாக ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையில் இதே வேலைக்கு நான்கு பக்கக் கட்டுரை வந்திருந்தது. கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: மாதிரி புரோகிராம் நீளமானது, அச்சிட இடமில்லை, மோடம் வைத்திருப்பவர்கள் எங்கள் கோலாலம்பூர் எண்ணுக்குப் போன் போட்டு இறக்கிக்கொள்ளலாம். இலையைப் போட்டுவிட்டுச் சோறு பக்கத்து ஊரில் என்று சொன்ன மாதிரி இருந்தது.

கடைப் போன் நாள் முழுக்க ஓயாது. அதனால் ஞாயிற்றுக்கிழமை கடை வேனில் கம்ப்யூட்டரும், அதோடு சேர்த்து வாங்கிய மோடமும் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. அந்த மோடத்தில் இரண்டு ரப்பர் குழிகள் இருக்கும். டெலிபோன் ரிசீவரை அதில் குப்புறப் படுக்க வைக்க வேண்டும். அந்தப் பக்கமிருந்து வரும் கீச்சுச் சத்தத்தைக் கேட்டு அது எழுத்தாக்கித் திரையில் போடும். வீட்டில் வேறு சத்தம் எழுந்தால் அதையும் எழுத்தாக்கிவிடும்.

முதல் தடவை இருபது வரி வந்தது. அம்மாவின் குக்கர் விசிலடித்தது. திரை முழுக்க எறும்பைக் கொட்டிவிட்ட மாதிரி கண்ட கண்ட எழுத்து. இரண்டாவது தடவை பக்கத்து வீட்டு ரேடியோ. மூன்றாவது தடவை அப்பா. கோலாலம்பூருக்குப் பேசினால் கத்தித்தான் பேச வேண்டும் என்பது அவர் கட்சி. ரிசீவர் கேட்பாரற்றுக் கீச்சிடுவதைப் பார்த்தவர், குனிந்து, பத்து நிரை ரப்பர் மரத்துக்கு அப்பால் இருக்கும் ஆளைக் கூப்பிடும் குரலில், "ஹலோ! யாரு பேசுறது?" என்றார். போச்சு.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "சத்தம் போட்டா இது வராதுப்பா! இது வரலேன்னா நாளைக்கு எனக்கு வேல இல்ல!" என்று கத்தினேன். அப்பவே சொன்னேனே என்பார் என்று காத்திருந்தேன். அவரோ சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

வீடு வீடாகப் போயிருக்கிறார். "கொஞ்ச நேரம் ரேடியோவ அடைச்சு வைங்க. நம்ம வீட்டுல…" என்று தொடங்கி, நடப்பதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் அதோடு நிறுத்தியிருக்கிறார். ஒரு மனிதர் வாடிய முகத்தோடு வந்து ரேடியோவை நிறுத்தச் சொல்லி, மீதியை விழுங்கினால் நம் ஆட்கள் என்ன நினைப்பார்கள்?

நான் மறுபடி போன் போட்டேன். தெருவே அடங்கிவிட்டது. வரி வரியாகச் சுத்தமாக இறங்கியது. பாதி வந்ததும் ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் கும்பல். ஆண்கள் தோளில் துண்டு, பெண்கள் அவிழ்த்த கூந்தல். முக்குக் கடை பாய் ஒரு வாளித் தேநீரோடு நின்றார். எதிர்வீட்டு அக்கா மாரில் கை வைத்து வாயைத் திறந்தார். அவர் ஒப்பாரி வைத்தால் தைப்பிங் டவுன் வரைக்கும் கேட்கும். எனக்கு உயிரே போய்விட்டது.

அப்பா கும்பிட்டபடி குறுக்கே பாய்ந்தார். "தங்கச்சி, அழுவுறதுனா பத்து நிமிஷம் பொறுத்து அழுவும்மா" என்று கிசுகிசுத்தார். சொந்தக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

கடைசி வரியும் வந்தது. டிஸ்க்கில் பதிவு செய்துவிட்டு, "வந்துருச்சு!" என்று கூவியபடி வாசலுக்கு ஓடினேன்.

"எந்த ஆஸ்பத்திரிலேருந்தும்மா?" என்று பாய் என்னைப் பார்த்துத் துக்கத்தோடு கேட்டார்.

விஷயம் தெரிந்ததும் எதிர்வீட்டு அக்கா அப்பாவை வகை வகையாகத் திட்டினார். பிறகு, போட்ட தேநீரை வீணாக்குவானேன் என்று எல்லோரும் எங்கள் வாசலிலேயே நின்று குடித்தார்கள்.

திங்கட்கிழமை முதலாளி திரையில் திருகுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தார், தலையாட்டினார், வேலை நிரந்தரம் என்றார். சாயங்காலம் பறந்து வந்து அப்பாவிடம் சொன்னேன்.

"அது கெடக்கட்டும்" என்றார். "நேத்து எத்தன பேரு வந்தாங்க, பாத்தியா? முப்பத்தி ரெண்டு பேரு. நின்னு எண்ணுனேன்." அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தைத் தோட்டத்தை விட்டு வந்த பிறகு நான் பார்த்ததே இல்லை. "இனிமே கவல இல்ல. தாராளமா இங்கயே சாவலாம்லா."