குலுங்கிய நட்சத்திரங்கள்

எங்கள் வீட்டில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும் முதலில் என் பெயரைத்தான் சொல்வார்கள். பத்து வயதுக்குள் நான் சம்பாதித்திருந்த நற்பெயர் அப்படி. பெரும்பாலும் அதில் நியாயம் இருந்தது. ஆனால் நட்சத்திரங்களை ஆட்டிவிட்டதாக என்மேல் விழுந்த பழி அபாண்டம் என்று இன்றைக்கும் சொல்வேன்.

புனேயில், ஔந்த் பக்கம், பழைய தனிவீடு எங்களுடையது. அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவரைக் கல்யாணம் செய்துகொண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்த சித்தி, ஆக ஐந்து பேர். சித்தப்பாவுக்கு விமான் நகரில் கம்ப்யூட்டர் வேலை. சித்திக்கு இந்தியும் வராது, மராத்தியும் வராது. காய்கறி வண்டிக்காரரிடம் விரலைக் காட்டித்தான் வாங்குவாள். அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் அவள் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தாள். காய்ச்சல் என்று எனக்குச் சொன்னார்கள். சித்திக்குக் காய்ச்சல் வந்தால் அம்மா ஏன் அழுகிறாள் என்று கேட்டேன். போய் ஹோம்வொர்க் பண்ணு என்று பதில் வந்தது.

ஜனவரி பிறந்ததுமே சித்தப்பா ஒரு டெலஸ்கோப் வாங்கி வந்தார். அதற்குமுன் அவர் வானத்தை அண்ணாந்து பார்த்து நான் கண்டதில்லை. வீட்டுக்குப் பின்னால் ஷாஹாபாத் பலகைக் கல் பாவிய சின்ன இடம் ஒன்று இருந்தது. ஓரத்தில் மாமரம், அதன் அடியில் துணி துவைக்கிற கல். டெலஸ்கோப்பை அங்கே நிறுத்தி, அதன் பின்பக்கம் கேமராவை மாட்டி, லேப்டாப் திரைக்குச் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொண்டு சாயங்காலம் ஏழரைக்கெல்லாம் உட்கார்ந்துவிடுவார். அந்நேரம் வீட்டில் ஒரு விளக்கும் எரியக்கூடாது. சமையலறை ஜன்னலுக்குப் போர்வை கட்டியாக வேண்டும். என் வீட்டிலேயே நான் திருடி மாதிரி தடவித் தடவி நடக்கணுமா என்று அம்மா புலம்புவாள். சித்தி மட்டும் ஒன்றும் சொல்வதில்லை. தலைவலி என்று எட்டு மணிக்கே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள்.

சித்தப்பா படம் பிடிக்கப் பார்த்தது ஓரியன் நெபுலா என்கிற விண்மேகத்தை. எனக்கு அதைப் பொறுமையாக விளக்கினார். ஒரு படத்தில் பெரிதாக எதுவும் தெரியாது, கறுப்பும் புள்ளியும்தான். அதே இடத்தை நூறு தடவை எடுத்து, எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கூட்டினால், இருட்டுக்குள் இருப்பது மெல்ல மேலே வரும். நடுவில் குறுக்கே போன விமானம், வௌவால் எல்லாம் தானாக அழிந்துவிடும். இடத்தைவிட்டு நகராமல் இருப்பதுதான் கடைசியில் மிஞ்சும்.

"உள்ள என்ன இருக்கு தெரியுமா? நட்சத்திரம் பொறக்கற இடம் அது. எல்லாம் பேபி ஸ்டார்ஸ்" என்றார்.

"எத்தனை பாப்பா இருக்கும் சித்தப்பா?" என்று என் முழுத் தொண்டையில் கேட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது.

அவர் திரையில் ஒட்டிய காகிதத்தைச் சரிசெய்தபடி, "நெறைய" என்றார்.

அப்போதுதான் எங்களுக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். சிவப்புத் திரையையே பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு இருட்டைத் தவிர எதுவும் தெரியவில்லை. பூனையாக இருக்கும் என்றார் சித்தப்பா. பூனைக்கு ஜலதோஷம் பிடிக்குமா என்று கேட்க நினைத்தேன், ஆனால் முதுகில் ஏதோ ஊர்ந்த மாதிரி இருந்ததால் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.

அன்றைக்கு எடுத்த படங்களில் எட்டு மணிக்குப் பிறகானவை எல்லாம் கெட்டுப்போயிருந்தன. புள்ளியாக இருக்க வேண்டிய நட்சத்திரங்கள் சின்னச் சின்னப் புழுக்களாக நெளிந்திருந்தன. டெலஸ்கோப் குலுங்கியிருக்கிறது, கல்மேல் யாரோ நடமாடியிருக்கிறார்கள் என்றார் சித்தப்பா. யாரோ என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

"அரே, எத்தனை வாட்டி சொல்றது உனக்கு? அங்க வந்து குதிக்காதேன்னு!"

நான் குதிக்கவில்லை. சாமி சத்தியமாகக் குதிக்கவில்லை. என்னைக் கொல்லைப்பக்கமே வரக்கூடாது என்று தடுத்தார்கள். அதற்கப்புறமும் தினம் எட்டு மணிக்குமேல் நட்சத்திரங்கள் குலுங்கின. அவர் அந்தப் படங்களை ஈவிரக்கமில்லாமல் அழித்துவிட்டு, நான் திருட்டுத்தனமாக வந்துபோவதாக அம்மாவிடம் புகார் சொன்னார். போதாக்குறைக்கு, துவைக்கிற கல்மேல் காலையில் எவர்சில்வர் டம்ளர் ஒன்று இருக்கத் தொடங்கியது. பாத்திரம் தேய்க்க வரும் பாயி அதை எடுத்து வந்து, "ரோஸ் ரோஸ் கோன் ரக்தா ஹை?" என்று, தினம் தினம் இதை யார் வைக்கிறது என்று கேட்க, அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது. டம்ளரின் அடியில் ஒரு வாய்த் தண்ணீர் மிச்சமிருக்கும். அதைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்கிறேன் பார் என்று சவால் விட்டு, தன் பழைய கேமராவைக் குளியலறை ஜன்னலில் கொல்லையைப் பார்த்து வைத்தார் சித்தப்பா. அதுவாகவே சில நொடிக்கு ஒரு படம் எடுக்கும். எனக்கு ஒரே சந்தோஷம். சாட்சி வேண்டுமே என்று அன்று சாயங்காலம் முழுக்க அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தபடியே ஹாலில் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலை எல்லாப் படத்தையும் திறந்து பார்த்தார். எல்லாம் கறுப்பு. நான்தான் சொன்னேன், "கூட்டிப் பாருங்க சித்தப்பா" என்று.

கூட்டினார். முதலில் மதில் வந்தது. பிறகு துணிக்கொடி, மாமரம், டெலஸ்கோப்பின் மூன்று கால்கள். சித்தப்பா அங்கே ஒரு மணி நேரத்துக்குமேல் இருந்தவர்தான், ஆனால் எழுந்தும் உட்கார்ந்தும் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்ததால் படத்தில் அவர் இல்லை. அவருக்குப் பத்தடி பின்னால், துவைக்கிற கல்மேல் ஓர் உருவம் உட்கார்ந்திருந்தது. கரை போட்ட சால்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முழங்காலைக் கட்டிக்கொண்டு, அவர் இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு. முகம் இல்லை. பக்கத்தில் டம்ளர்.

நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே பளீரென்று வெயில். கொடியில் அதே கரை போட்ட சால்வை காய்ந்துகொண்டிருந்தது. அது சித்தியுடையது. பேய் சித்தியின் சால்வையை எடுத்துப் போர்த்திக்கொள்கிறது என்று நான் முடிவு கட்டினேன்.

சித்தப்பா படத்தைப் பெரிதாக்கினார், சிறிதாக்கினார். "நேத்து சித்தி எத்தன மணிக்குப் படுத்தா?" என்று கேட்டார்.

"எப்பவும்போல எட்டு மணிக்கே."

அவர் லேப்டாப்பை மூடினார். நான் சமையலறைக்கு ஓடினேன். சித்தி மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தாள்.

"சித்தி, சால்வைய வெளிய போடாதீங்க. பேய் எடுத்துப் போத்திக்கிட்டு கல்லுமேல உக்காருது. போட்டோல இருக்கு!"

அவள் மிக்ஸியை நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள், பிறகு என் தலைக்குமேலாக, பின்னால் வந்து நின்ற சித்தப்பாவைப் பார்த்தாள்.

"அது ஒண்ணும் பண்ணாது கண்ணு. செத்த நேரம் உக்காந்துட்டு எந்திரிச்சுப் போயிரும்" என்றாள்.

அவ்வளவு சாதாரணமாக அவள் சொன்னது, படத்தைவிட அதிகமாக என்னைப் பயமுறுத்தியது.

அன்று சாயங்காலம் டெலஸ்கோப் வெளியே வரவில்லை. குளியலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். துவைக்கிற கல்மேல் இரண்டு உருவங்கள் இருந்தன. பேயைப் பிடிக்க சித்தப்பா காவல் இருக்கிறார், துணைக்குச் சித்தியையும் கூட்டிக்கொண்டார் என்று நினைத்து அவர் தைரியத்தை மெச்சினேன். அம்மா என் காதைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். நான் குற்றமற்றவள் என்று கடைசிவரை ஒருவரும் வாய்திறந்து சொல்லவில்லை. அந்த வருத்தம் எனக்குப் பல நாள் இருந்தது.

அந்தக் காய்ச்சல் என்னவென்று நான் காலேஜில் சேர்ந்த பிறகுதான் அம்மா சொன்னாள். நாலாவது மாதத்தில் குழந்தை போய்விட்டதாம். கேட்டதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது என் குரல்தான். எத்தனை பாப்பா இருக்கும் என்று இருட்டில் நான் கத்திக் கேட்டபோது, பத்தடி பின்னால் அவள் இருந்திருக்கிறாள். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது. படத்தில் பதிகிற அளவுக்கு அசையாமல் இருந்த ஒருத்தி எப்படிக் கல்லைக் குலுக்கினாள் என்பதும் அன்றைக்குத்தான் புரிந்தது. டெலஸ்கோப்பின் ஒரு காலும் துவைக்கிற கல்லும் ஒரே நீளமான பலகைக் கல்லின் இரண்டு முனைகளில் இருந்தன. சத்தம் வராமல் அழுதால் உடம்புதான் குலுங்கும்.

அந்த நெபுலாவின் படம் சித்தப்பா வீட்டு ஹாலில் இன்றும் மாட்டியிருக்கிறது. அந்தச் சனிக்கிழமை எடுத்தவற்றை மட்டும் கூட்டிச் செய்தது. நட்சத்திரங்கள் ஒன்றுகூடப் புள்ளியாக இல்லை, எல்லாம் கொஞ்சம் நெளிந்திருக்கும். சட்டம் போட்டு வந்த அன்றே நான் கேட்டேன், குலுங்கினதையெல்லாம் எப்போதும்போலத் தூக்கிப் போட்டிருக்கலாமே சித்தப்பா என்று.

"இருக்கட்டும்" என்றார்.

வேலை செய்யச் சோம்பல்பட்டுத்தான் அப்படி விட்டுவிட்டார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.