நைனாவுக்கு மணக்காத காப்பி

டிசம்பர் இருபத்தைந்தாம் தேதி நாங்கள் ஊழியம் செய்கிற எத்தியோப்பிய ஊரில் பள்ளிக்கூடம் உண்டு. கடை திறந்திருக்கும். கழுதைகள் தண்ணீர் சுமந்துகொண்டு மேட்டில் ஏறும். எத்தியோப்பியாவின் நாட்காட்டி வேறு. அங்கே கிறிஸ்து பிறப்பு ஜனவரி ஏழாம் தேதிதான். ஆகவே எனக்கு டிசம்பர் இருபத்தைந்து ஒரு விசித்திரமான நாள். நெஞ்சுக்குள் மணி அடிக்கும். தெருவில் ஒன்றும் நடக்காது.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அண்ணன் போன் செய்தான், திருவண்ணாமலைப் பக்கம் எங்கள் ஊர் அடி அண்ணாமலையிலிருந்து.

"செல்வி, நைனா சாப்புட மாட்டேங்கறாரு."

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"எப்பலேர்ந்துண்ணா?"

"ஐப்பசி மழையில ஜுரம் வந்துச்சில்ல, அதுலேர்ந்தே கம்மிதான். இப்ப சுத்தமா நிறுத்திட்டாரு. இளநி குடிக்கறாரு, வெள்ளரிக்கா கடிக்கறாரு, அவ்ளோதான். ரத்தம் பாத்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு. ஒண்ணும் இல்லன்றாங்க. நீ வந்தா சாப்புடுவாரோ இன்னாவோ." குரலைத் தாழ்த்தினான். "வர்றதுன்னா இப்ப வா. அப்புறம் வந்து இன்னா பிரயோஜனம்."

என் வீட்டைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். நைனா வேர்க்கடலை போடுகிற விவசாயி. பௌர்ணமி தவறாமல் மலையைச் சுற்றி வருபவர். படிக்கப் போன இடத்தில் நான் இயேசுவை ஏற்றுக்கொண்டு வந்து நின்றபோது அவர் கத்தவில்லை. கலப்பையைக் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்: "எங்கனா போ. சோத்துல கை வைக்கறதுக்கு முன்ன எங்கள ஒரு தடவ நெனச்சிக்க." அன்றிலிருந்து என் சாப்பாட்டு ஜெபத்தில் கர்த்தருக்கு அடுத்து நைனாவின் முகம் வரும். சோற்றுக்கும் அவருக்கும் என் மனதில் அப்படி ஒரு முடிச்சு.

அன்றைக்கு மாவு பிசைந்த கையோடு சமையல்கட்டுத் தரையிலேயே உட்கார்ந்து ஜெபித்தேன். பெரிய வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, என் கண் முன்னால் அவர் ஒரு வாய் சாப்பிடட்டும். ஒரு வாய் போதும்." இதையே திரும்பத் திரும்பக் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் அங்கே கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை சபை நடத்துகிறவர். பண்டிகையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என்னை மட்டும் அனுப்பிவைத்தார். கிளம்புகிற அன்று பக்கத்து வீட்டு அல்மாஸ் வந்தாள். கையில் ஒரு துணிப்பை நிறையப் பச்சைக் காப்பிக் கொட்டை, காப்பி காய்ச்சுகிற, கழுத்து நீண்ட ஒரு மண்கூஜா. "பண்டிகைக்கு நீ இங்கே இருக்க மாட்டாய். பரவாயில்லை, பண்டிகை உன்னோடு வரட்டும். உன் அப்பா வீட்டில் வறு. இந்த வாசனைக்கு எழுந்து உட்காராத மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை" என்றாள்.

நான் அதை நம்பினேன்.

திருவண்ணாமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துப் பக்கம், வெள்ளைக்காரர்கள் வேட்டி கட்டி வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார்கள். எங்கிருந்து வருகிறேன் என்று ஆட்டோக்காரர் கேட்டார். சொன்னேன். கண்ணாடியில் என்னை ஒரு தரம் பார்த்தார்.

"உலகமே சாமியத் தேடி இங்க வருது. நீ இங்க பொறந்துட்டு அவ்ளோ தூரம் போயிருக்கறியேம்மா."

"அவர் அங்கயும் இருக்காருண்ணா."

"அப்ப அவுங்க எதுக்கு இவ்ளோ செலவு பண்ணிக்கினு இங்க வர்றாங்க?"

இன்னும்கூட அந்தக் கேள்வியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

நைனா வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் இருந்தார். உட்கார்ந்திருக்கிறாரா, யாரோ சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறார்களா என்று ஒரு கணம் தெரியவில்லை. தோள்பட்டை எலும்பில் வெயில் நின்றது. என்னைப் பார்த்துச் சிரித்தார். "வந்துட்டியா. இளைச்சிட்டியே" என்றார். அவர் என்னைச் சொன்னார்.

மல்லிகா அண்ணி என்னை அடுப்பங்கரைக்குள் இழுத்துக்கொண்டு போனாள். அவள் கண் வீங்கியிருந்தது.

"ஊரே என்னைப் பேசுது செல்வி. மருமவ சோறு போடல, கெழவன் காஞ்சி கெடக்கறான்னு. நான் தாளிக்கற சத்தம் கேட்டாலே எழுந்து வெளிய பூடறாரு. என் கையில இன்னா வெஷமா இருக்குது? உங்க நைனாவ நீயே கேளு."

கேட்டேன். "பசிக்கலம்மா" என்றார். அவ்வளவுதான்.

நானே சமைத்தேன். அம்மா இருந்த காலத்தில் அவர் தட்டை வழித்துச் சாப்பிட்ட நாட்டுக்கோழிக் குழம்பு. எதிரில் உட்கார்ந்தேன். பிசைந்தார். ஒரு உருண்டையை வாய் வரைக்கும் கொண்டுபோனார். மூக்கு லேசாகச் சுருங்கியது. உருண்டையைத் தட்டில் வைத்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குது. அப்பறமா துன்றேன்" என்றார். வாயில் படவே இல்லை, நல்லா இருக்கிறது என்கிறார். அந்தச் சுருங்கிய மூக்கை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்குப் புரியவில்லை.

என்மேல் உள்ள கோபம் என்று நினைத்தேன். அண்ணன், நைனா ஏதோ விரதம் என்று நினைத்தான். அண்ணி, தன்மேல் வெறுப்பு என்று நினைத்தாள். ஆளுக்கொரு காரணம் வைத்துக்கொண்டு அவரைச் சுற்றி நின்றோம். விடியுமுன்பே ஒலிபெருக்கியில் மார்கழிப் பாட்டு கிளம்பும். அதற்கு நடுவே போர்வைக்குள் என் ஜெபம் போகும். ஒரு வாய், ஆண்டவரே. இரண்டு குரல்களும் ஒரே பனியில் நனைந்து மேலே போவதைக் கேட்டபடி படுத்திருப்பேன். பதில் மட்டும் வரவில்லை.

ஜனவரி ஏழு வந்தது. காலையில் வரப்பில் போய்ப் பசும்புல் அறுத்து வந்து கூடத்தில் பரப்பினேன். அங்கே பண்டிகைக்கு அப்படித்தான். அண்ணி ஓரமாக நின்று பார்த்தாள்.

"இன்னா செல்வி, மாடு கட்டப் போறியா?"

"கிறிஸ்துமஸ் அண்ணி."

"அது போன மாசமே முடிஞ்சி போச்சே. பேக்கரியில கேக்குகூடக் கம்மி வெலைக்குப் போட்டாங்க."

"எங்களுக்கு இன்னைக்குத்தான்."

"நல்ல சாமிதான் உங்க சாமி. ரெண்டு வாட்டி பொறக்குது." சொல்லிவிட்டு அவளே சாம்பிராணி எடுத்து வந்து போட்டாள். அல்மாஸ் வீட்டிலும் அதே புகைதான். அந்தப் புகைக்குள் நின்றபோது எந்த நாட்டில் இருக்கிறேன் என்று எனக்கே கொஞ்சம் மறந்துபோனது.

அண்ணியின் வடைச்சட்டியில் கொட்டையைப் போட்டு வறுத்தேன். பச்சை மஞ்சளானது, மஞ்சள் பழுப்பானது. பிறகு படபடவென்று வெடித்து எண்ணெய் பூத்துப் புகை எழுந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து யாரோ, "இன்னா மல்லிகா, இப்டி மணக்குது?" என்று கேட்டார்கள். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வறுத்த சட்டியை எல்லாரிடமும் கொண்டுபோய்க் காட்டுவார்கள். ஒவ்வொருவரும் புகையைக் கையால் முகத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். அண்ணியிடம் நீட்டினேன். அவள் கற்பூர ஆரத்தியை ஒற்றிக்கொள்வதுபோல இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அண்ணனும் அப்படியே. பிறகு நைனாவிடம் போனேன். மனதுக்குள், இப்போது, ஆண்டவரே, இப்போது என்று சொல்லிக்கொண்டு சட்டியை அவர் முகத்தருகே பிடித்தேன்.

அவர் கையை வீசித் தள்ளினார். சட்டி கவிழ்ந்தது. காப்பிக் கொட்டை புல்லெல்லாம் சிதறியது. நைனா வாசலுக்கு ஓடி மரத்தைப் பிடித்துக்கொண்டு குமட்டினார். வெறும் தண்ணீர்தான் வந்தது.

என் கிறிஸ்துமஸ் தரையில் கிடந்தது. வெட்கம், கோபம், அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. இதற்காகவா என்னை இத்தனை தூரம் கூட்டி வந்தீர் என்று ஆண்டவரிடம் கேட்டேன்.

பின்னாலேயே ஓடிய எங்களிடம், வாயைத் துடைத்துக்கொண்டு நைனா கேட்டார்: "இன்னா கர்மம்மா அது? செத்த எலி நாத்தம்."

அண்ணன் திகைத்தான். "நைனா, அது காப்பிக் கொட்ட. தெரு பூரா மணக்குது."

நைனா அவனைப் பார்த்தார். அண்ணியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒரு சிறு பிள்ளை கேட்பதுபோலக் கேட்டார்:

"மணக்குதா?"

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் திறந்துகொண்டது.

காய்ச்சல் விட்ட நாளிலிருந்தே இப்படித்தானாம். வெங்காயம் வதக்கினால் அந்த நாற்றம். குழம்பு கொதித்தால் அந்த நாற்றம். கோழியில், காப்பியில், தாளிப்பில், எல்லாவற்றிலும் செத்த எலி. ஆறிப்போன பண்டத்தில்தான் கொஞ்சம் கம்மி.

"ஏன் நைனா சொல்லல?" அண்ணன் குரல் உடைந்தது.

"எப்டிடா சொல்றது? அந்தப் பொண்ணு அனல்ல நின்னு ஆக்கிப் போடுது. நாறுதுன்னு சொன்னா மனசு ஒடிஞ்சி பூடாதா?" மண்ணைக் காலால் சீய்த்துக்கொண்டே நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "எனக்குத்தான் சாவு வந்துடுச்சின்னு நெனச்சேன். என் ஒடம்பு உள்ள அழுகிக்கினு வருது, அந்த நாத்தந்தான் மூக்குல ஏறுதுன்னு. அத எதுக்கு உங்க கிட்ட சொல்லிக்கினு."

அண்ணி வாசல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. "அய்யோ மாமா, நாறுதுன்னு ஒரு வார்த்த திட்டியிருக்கக் கூடாதா? ஊரு திட்டுனதுக்கு நீங்க திட்டியிருந்தா நான் நிம்மதியா தூங்கியிருப்பேனே."

அன்று மாலையே டவுனில் மூக்கு, தொண்டை டாக்டரிடம் போனோம். காய்ச்சலுக்குப் பிறகு சிலருக்கு இப்படி ஆகும் என்றார். வாசனையைக் கொண்டுபோகிற நரம்பு அடிபட்டு, மறுபடி வளரும்போது எதை எதையோ மாற்றிச் சொல்லும். சாவு இல்லை, அழுகல் இல்லை. கொஞ்ச காலம் வறுத்தது, வதக்கியது வேண்டாம். ஆறிய சாப்பாடு கொடுங்கள். தினமும் எலுமிச்சை, கிராம்பு என்று முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். மூக்கு மெல்லத் திரும்பக் கற்றுக்கொள்ளும். சில பேருக்கு மாதக்கணக்காகும் என்றார்.

மறுநாள் காலை அண்ணி வெங்காயம் கடிக்கக் கொடுக்காமல், தாளிக்காமல், சில்லென்ற பழைய சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து வைத்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். நைனா குனிந்து முகர்ந்தார். மூக்கு சுருங்கவில்லை. ஒரு வாய் போட்டார். மென்றார். விழுங்கினார். பிறகு தட்டை அண்ணி பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்தும்மா" என்றார்.

ஒரு வாய்தான் கேட்டிருந்தேன்.

உடன் விசுவாசிகளே, அன்றிலிருந்து நான் ஒன்றை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நறுமணத்தால் அவரை எழுப்பப் போனேன். அந்த மணம் அவருக்கு நாறியதால்தான் உண்மை வெளியே வந்தது. சட்டி கவிழாமல் காப்பி வரைக்கும் போயிருந்தால், ஒரு மடக்கைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, "ரொம்ப நல்லா இருக்குது" என்று சொல்லியிருப்பார். நாங்களும் நம்பியிருப்போம். சட்டி கவிழ்ந்ததுதான் பதில். மாட்டுக்கொட்டிலில் பிறந்தவரை இத்தனை வருஷமாகப் பாடுகிறேன். அந்தக் கொட்டில் எப்படி நாறியிருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் தூபவர்க்கம் கொண்டுவருவதற்கு முன்னாலேயே அவர் அந்த நாற்றத்துக்குள் வந்துவிட்டார். இப்போது ஜெபிக்கும்போது, பதில் இப்படித்தான் மணக்க வேண்டும் என்று நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

மீதிக் கொட்டையை அண்ணி ஒரு டப்பாவில் போட்டு வைத்தாள். எலுமிச்சை, கிராம்போடு அதில் ரெண்டு கொட்டையை வறுத்து நைனாவிடம் நீட்டுவாள். நான் திரும்பிப் போன பிறகு நைனா சொன்னதாகப் போனில் செய்தி வரும். "இன்னும் எலிதாம்மா." பிறகு ஒரு நாள், "எலிதான். ஆனா பக்கத்து வீட்ல செத்த எலி." இன்னொரு நாள், "இப்ப அது கிரிவலப் பாதைக்கு அந்தாண்ட போயிடுச்சி."

கார்த்திகை தீபத்தன்று அவரே கூப்பிட்டார்.

"செல்வி, அகல்ல திரி அணைஞ்சிதா, அந்தக் கருகல் வாசன வந்துச்சிம்மா. நெஜ வாசன. அப்டியே கொஞ்ச நேரம் உக்காந்துட்டேன்." பிறகு சொன்னார்: "எங்க சாமிக்கு நான் சொல்லிட்டேன். உங்க சாமிக்கு நீ சொல்லிடு."

சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது காரணம் சொல்லாமல் தட்டை ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தால், நீங்கள் கேட்ட விண்ணப்பம் கவிழ்ந்து தரையில் சிதறிக் கிடந்தால், எழுந்து போய்விடாதீர்கள். இன்னும் ஒரு நிமிஷம் அந்த இடத்திலேயே இருங்கள். நம்பி இருங்கள். யாராவது ஒருவர் "மணக்குதா?" என்று கேட்பார்.

இந்த ஜனவரிக்கு என் வீட்டுக்காரரும் என்னோடு வருகிறார். அல்மாஸ் இப்போதே கொட்டை கட்டி வைத்துவிட்டாள். சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றப் போகிறோம். முதல் ஆளாகத் தான் உட்காருவதாக நைனா சொல்லியிருக்கிறார், வாசற்படிக்குப் பக்கத்தில், ஓடுவதற்கு வசதியாக.