விளக்கு அணையாத ஹீட்டர்

கடைக்காரர் சிரித்தபோதே எனக்குப் பிடிக்கவில்லை. தஞ்சாவூரில் மீன்தொட்டிக்கு ஹீட்டர் கேட்டு வருகிறவன் ஏமாளிதான் என்று எடைபோட்டுவிட்ட சிரிப்பு. ஆனால் போன மார்கழிக் குளிரில் எங்கள் தொட்டியில் மூன்று மீன்கள் செத்துப்போயின. மிஞ்சியது ஒரே ஒரு ஏஞ்சல் மீன். மகள் வெளியூர் வேலைக்குப் போனபின் என் மனைவி அதிகம் பேசுவது அதனோடுதான். அதுவும் போய்விட்டால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

"ஆட்டோமேட்டிக் சார். சூடு போதும்னா அதுவே நின்னுடும்," என்று ஒரு கண்ணாடிக் குழாயைக் கொடுத்தார். அதுவே நின்றுவிடுமாம்! கண்ணெதிரே நின்றாலே பாதி வேலைதான் நடக்கிற ஊர் இது.

வீட்டில் மாட்டினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, ஒரு மணி நேரத்தில் அணைந்தது. தொட்டிக்குள் கையை விட்டேன். விதைநெல்லை ஊறவைத்து முளைவிட மூட்டை கட்டினால் உள்ளே கைவிட்டுச் சூடு பார்க்கிற குடும்பம் எங்களுடையது. அந்தக் கை பொய் சொல்லாது. தண்ணீர் சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் மட்டும் இருபத்தாறு டிகிரி காட்டியது. அதுவும் அதே கடையில் வாங்கியதுதான். கூட்டுக் களவாணிகள்.

மறுநாள் மாற்றி வாங்கினேன். அந்த ஹீட்டரும் அணைந்தது. அதையும் தூக்கிக்கொண்டு போனேன்.

"இது குளிக்க வெந்நீர் போடுறதில்ல சார். மீனுக்கு இந்தச் சூடு போதும்."

"அணையாம எரியிறதா ஒண்ணு குடுங்க."

"அதை நீங்கதான் பாத்துப் பாத்து நிறுத்தணும்," என்று தயங்கித் தயங்கி உள்ளிருந்து ஒன்றை எடுத்துவந்தார். நல்ல சரக்கைப் பதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதன் விளக்கு அணையவே இல்லை. மதியம் கைவிட்டுப் பார்த்தேன். முளைகட்டிய மூட்டைபோல இதமான சூடு. ஜெயித்துவிட்ட நிம்மதியில் சாப்பிட்டுப் படுத்தேன்.

"ஏங்க, சீக்கிரம் வாங்க!"

ஓடினேன். மீன் நீர்மட்டத்தில் வாயைப் பிளந்து தவித்துக்கொண்டிருந்தது. மனைவி பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சூடான தண்ணீரை மொண்டு கொட்டி, பச்சைத் தண்ணீரைக் குவளை குவளையாக ஊற்றிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே ஊற்றினாள். உதவிக்குக் கை நீட்டினேன்.

"கைய எடுங்க."

அவமானமாக இருந்தது. எடுத்துக்கொண்டேன்.

மீன் பிழைத்தது. மறுநாள் அவளே கடைக்குப் போய், அணைகிற ஹீட்டரைத் திரும்ப வாங்கிவந்தாள். இப்போது நான் தொட்டிப்பக்கம் போனாலே மீன் செடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று என்னைப் பார்க்கிறது. அவளும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்க்கிறாள், என் கை எங்கே இருக்கிறதென்று.