நான்காவது வரி

எர்ணாகுளம் கலூரில் என்னோடு இருக்கும் மகன், நான் தனியாகப் போட் ஏறி மட்டாஞ்சேரிக்குப் போகக்கூடாது என்கிறான். எழுபத்தெட்டு வயது, ஒரு நாளைக்கு ஒன்பது மாத்திரை, போதாததற்கு இடது முழங்கால். போன வாரம் போய் வந்தேன். அடுத்த வாரமும் போவேன். “புத்தியில்லாத வேலைப்பா” என்றான். அதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் உண்டு. பதினோரு வயதில் அதைக் கற்றுக்கொண்டேன். அதனால் என் அக்காவின் படிப்பு நின்றுபோக இருந்தது.

அப்பாவுக்கு மட்டாஞ்சேரி அரிசிக் கிடங்கு ஒன்றில் வேலை. தகரத்தில் வெட்டிய எழுத்துகளைச் சாக்கின் மேல் வைத்து மை அடிப்பார். ஆங்கிலத்தின் இருபத்தாறு எழுத்தும் அவருக்குத் தெரியும்; அவை சேர்ந்தால் என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. கிடங்கில் ஒரு வழக்கம் இருந்தது. சரக்கோடு வரும் ஆங்கிலச் சீட்டில் எத்தனை மூட்டை என்று அச்சாகியிருக்கிறதோ, அத்தனைதான் வந்தது. கண்ணெதிரே ஒன்று கூடுதலாகக் கிடந்தாலும் அது வந்ததாகாது. அப்பா இந்த வழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அச்சில் இருந்தால் உண்மை.

வீட்டில் ஓர் ஆங்கில அகராதி இருந்தது. யூதர்கள் வாழ்ந்த ஜூ டவுனில் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போகும்போது சாமான்களை விற்றது. அப்பா அதில் வாங்கியது. அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை.

அக்காவுக்கு எர்ணாகுளம் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேரவேண்டும். ஞாயிறு காலை பெரியப்பா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

“வயசுப் பொண்ணை தினம் போட்ல அக்கரைக்கு அனுப்பப் போறியாமே? மழைக்காலத்துல போட் நின்னுபோனா ராத்திரி எங்கே தங்குவா? யாரு வீட்ல?”

பெரியப்பாவுக்குப் பதில் சொல்வது எங்கள் வீட்டில் வழக்கமில்லை. அம்மா அவருக்கு இரண்டாவது சாயா கொண்டுவந்து வைத்தாள்.

அந்த வாரம் பள்ளியில் ஆசிரியர் ‘ஃபாலி’ (folly) என்ற சொல்லைச் சொல்லிக்கொடுத்திருந்தார். புதுச்சொல் கற்றால் மூன்று இடத்திலாவது பயன்படுத்திவிட வேண்டும் என்பது அவர் கட்டளை. நான் இரண்டு இடத்தில் பயன்படுத்தியிருந்தேன். மூன்றாவது பாக்கி இருந்தது.

“பெரியப்பா, இதுக்கு இங்கிலீஷ்ல ஃபாலின்னு பேரு” என்றேன்.

பெரியப்பாவுக்கு என்னை அன்றுதான் பிடித்தது. “புஸ்தகத்துல இருக்கா? எடுத்துட்டு வா.”

எடுத்துவந்து வாசித்தேன். மூன்று வரி. நல்லறிவு இல்லாமை; யோசிக்காமல் செய்யும் காரியம்; பின்னால் வருந்த வைப்பது. ஒவ்வொன்றையும் தமிழில் சொல்ல, ஒவ்வொன்றுக்கும் பெரியப்பா தலையாட்டினார். “பாரு தம்பி, வெள்ளைக்காரனே அச்சடிச்சு வச்சிருக்கான். உன் பையன் வாயாலயே வந்துடுச்சு.”

அப்பா எழுந்துபோய், மேசையிலிருந்த கல்லூரிக் காகிதத்தை நான்காக மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுக்களையிலிருந்து அக்கா வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னிடமிருந்து அகராதியை வாங்கினாள்.

“இவன் அரைகுறையா வாசிச்சுட்டான். எந்த இடத்துல சொல்லணும்னு கீழே ஒரு வரி போட்டிருக்கு.”

முதலில் ஆங்கிலத்தில் நிதானமாக வாசித்தாள். பிறகு தமிழில் சொன்னாள்: “பாதி ஆறு நீந்தினவன் திரும்பி வர்றதுக்குப் பேருதான் ஃபாலி.”

பெரியப்பா சாயா டம்ளரைக் கீழே வைத்தார். “அப்படியா போட்டிருக்கு? தம்பி, நீ பாரு. உனக்கு எழுத்து தெரியுமே.”

அப்பா அகராதியை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மை ஏறிய ஆள்காட்டி விரலை அக்கா காட்டிய வரியில் வைத்து, எழுத்து எழுத்தாகக் கடைசிவரை நகர்த்தினார்.

“போட்டிருக்கு அண்ணே” என்றார்.

பெரியப்பா மீதி சாயாவைக் குடித்தார். அச்சில் வந்துவிட்டால் அவரும்தான் என்ன செய்வார்? மறுநாள் காலை முதல் போட்டில் அக்கா அக்கரைக்குப் போனாள். பிறகு முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் பாடம் நடத்தினாள்.

எனக்குத்தான் அவமானம். எல்லாவற்றையும் எண்ணும் நான் ஒரு வரியைக் கோட்டைவிட்டேனே என்று பல மாதம் அந்த அகராதியைத் தொடவில்லை. பிறகு அது அக்காவின் பெட்டிக்குப் போய், அவளோடே கல்யாணமாகிப் போய்விட்டது.

போன மாதம் அக்கா போய்விட்டாள். அவள் வீட்டு அலமாரியை ஒழிக்கத்தான் நான் மட்டாஞ்சேரிக்குப் போகிறேன். மூன்றாவது தட்டில், துணி சுற்றி, அகராதி இருந்தது. நின்றபடியே பக்கத்தைத் தேடி எடுத்தேன். நான்கு முறை எண்ணினேன். ஃபாலிக்கு மூன்றே வரி. நான்காவது வரியில் அடுத்த சொல் தொடங்குகிறது: வெந்நீர் ஒத்தடம் கொடுத்தல் என்று பொருள். அதன் முதல் மூன்று எழுத்து, ஃபாலியின் F-O-L இல்லை, F-O-M என்று தடித்த அச்சில், சாக்கில் அடித்ததைப்போல, எட்ட நின்றாலும் தெரிகிறது. அதன் மேல்தான் அப்பா விரலை நகர்த்தியிருக்கிறார்.

வராத மூட்டையை வந்ததாக அவர் சொன்னது ஆயுளில் அந்த ஒரு முறையாகத்தான் இருக்கும். சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு வரியை விட்டுவிட்ட வெட்கத்தில் நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.