மௌனிகாவின் கணக்கில் கணவன் நம்பர்

சோமனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் துணி ஆலையில் லீவு, ஷிப்டு, இடமாற்றம் எல்லாம் கம்பெனியின் சொந்த வெப்சைட்டில்தான். அதில் நாமாகக் கணக்கு தொடங்க முடியாது. வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் தம்பிதுரை அண்ணன் நம் பெயரையும் போன் நம்பரையும் போட்டால்தான் உண்டு. இருபது வருடமாக அங்கே இருக்கிறார். பெண்களிடம் "அம்மணி" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவர்களிடம் போய் நம்பர் கேட்பது மரியாதையில்லை என்று, கல்யாணமானவர்களுக்கெல்லாம் வேலைக்குச் சேர்ந்தபோது எழுதிக் கொடுத்த கணவன் நம்பரையே போட்டுவிட்டார். தங்கமான மனுஷன் என்று நானும் மெச்சினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

என்னோடு துணி செக்கிங்கில் நிற்கும் மௌனிகாவுக்குப் புருஷனின் அடி பொறுக்கவில்லை. பொள்ளாச்சி கிளைக்கு மாற்றலும் அங்கே விடுதியில் இடமும் கேட்டு, ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே ரகசியமாக விண்ணப்பித்திருந்தாள். எனக்கு மட்டும்தான் தெரியும். திங்கட்கிழமை பதினொரு மணிக்கே மாற்றல் உத்தரவு வந்திருந்தது; சாப்பாட்டு இடைவேளையில்தான் அதே கம்ப்யூட்டரில் பார்த்தோம். என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. திரையில் அதற்குக் கீழே இன்னொரு வரி இருந்தது: 'விவரம் உங்கள் கைபேசிக்கு அனுப்பப்பட்டது.' கூடவே இருந்த கடைசி நான்கு எண்களைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

டைம் ஆபீசுக்கு ஓடினோம்.

"ஏனுங்கண்ணா, அது அவரு நம்பருங்க!" என்றாள் மௌனிகா.

நடந்ததைக் கேட்ட அண்ணன் உடனே கம்ப்யூட்டரைத் திறந்தார். பழைய கணக்கை அழித்தார். "உன்ற நம்பரச் சொல்லு அம்மணி, இப்பவே புதுசாப் போட்டுத் தாரேன்" என்றார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அவள் பாதி நம்பர் சொல்வதற்குள் வாட்ச்மேன் போனில் கூப்பிட்டார். மௌனிகாவின் ஊட்டுக்காரர் கேட்டில் நின்று கத்துகிறாராம்.

"பின்வாசல் வழியாப் போயி பொள்ளாச்சி பஸ் ஏறிப்போடு" என்றேன் நான்.

"அந்த மெசேஜ்ல எந்த ஹாஸ்டலு, எந்த ரூம்புன்னு எல்லாம் போட்டிருக்குங்க ரிஃபானாக்கா. இனி நான் எங்க போறதுங்க?"

"மரியாதைக்காகத்தான் கேக்காம உட்டேன் அம்மணி" என்று அண்ணன் அழுதே விட்டார்.

மௌனிகா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

"நீங்க நல்லவருங்கண்ணா. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க."

நான் போய் டைம் ஆபீஸ் கதவைத் தாழ்போட்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.